“சும்மாதான் இருக்கேன்”: மகளிரியல் பற்றி வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன மாதம் இந்தப் பகுதியில், மும்பை ஜுஹூவில் ஒரு பல்கலைக்கழகத்தின் மகளிரியல் மைய நூலகத்தில் என் இருபத்திரண்டாவது வயதில் உட்கார்ந்து படித்ததைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பற்றியே நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுக்க அதைப் பற்றியே பேசலாம் என்று ஆசிரியரிடம் கேட்டேன். சரி என்றார்.

அம்மா, எங்கள் கல்லூரியில் ‘மகளிரியல்’ ஒரு விருப்பப் பாடம். இந்தப் படிப்பை இந்தியாவில் முதலில் எங்கே, யார் தொடங்கினார்கள்?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பம்பாயில்தான். எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தில் 1974-ல் ஒரு சிறிய ஆராய்ச்சிப் பிரிவாகத் தொடங்கியது. இந்தியப் பல்கலைக்கழகங்களில் பெண்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே உண்டான முதல் அமைப்பு அது. பிறகு ‘மகளிரியல் ஆராய்ச்சி மையம்’ ஆனது. தொடங்கியவர் நீரா தேசாய், சமூகவியல் பேராசிரியர்.

அவர் திடீரென்று இந்தப் பக்கம் வந்தவர் இல்லை. 1942-ல் கல்லூரி மாணவியாக இருந்தபோது ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் இறங்கிச் சிறைக்குப் போனவர். 1950-களின் தொடக்கத்தில் முதுகலைக்கு அவர் எடுத்த தலைப்பே இந்தியப் பெண்களின் நிலை. அந்த ஆய்வேடு 1957-ல் புத்தகமாக வந்தது. அப்போது மகளிரியல் என்ற சொல்லே புழக்கத்தில் கிடையாது. அதற்கப்புறம் பதினேழு வருடம் வகுப்பெடுத்துக்கொண்டு இருந்துவிட்டுத்தான், தன் பல்கலைக்கழகத்திலேயே இந்த விதையைப் போட்டார்.

ஏன் 1974? அந்தச் சமயத்தில் மத்திய அரசு அமைத்த ‘பெண்கள் நிலை பற்றிய குழு’ நாடு முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தது. 1971-ல் அமைக்கப்பட்ட குழு. தலைவர் பூல்ரேணு குஹா, உறுப்பினர் செயலர் வீணா மஜும்தார். 1974 கடைசியில் ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற பெயரில் அறிக்கை கொடுத்தார்கள். சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, படிப்பு வந்துவிட்டது, ஓட்டுரிமை இருக்கிறது, பெண்கள் முன்னேறித்தான் இருப்பார்கள் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த நேரம் அது. அறிக்கையில் இருந்த கணக்கு வேறு மாதிரி இருந்தது. 1901-ல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த நாட்டில் 1971-ல் 930 பெண்கள்தான். அப்படியானால் மிச்சப் பேர் எங்கே போனார்கள்? அந்தக் குழுவில் இருந்தவர்களே தாங்கள் இத்தனை வருடம் வகுப்பில் என்ன கற்றுக் கொடுத்தோம் என்று அதிர்ந்துபோனதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்திலேயே, கொடைக்கானலில், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1984-ல் வந்தது. ஒருமுறை போய் அந்த நூலகத்தைப் பாருங்கள்.

பொருளாதாரம் இருக்கிறது, சமூகவியல் இருக்கிறது, வரலாறு இருக்கிறது. பெண்களுக்கென்று தனியாக ஓர் ஆராய்ச்சி எதற்கு? சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

நல்ல கேள்வி ஐயா. எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. அது தீர்ந்த இடத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1983. நான் பம்பாயில் ஒரு கல்லூரியில் முதுகலைப் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு மாட்டுங்காவில். ஆய்வேட்டுக்குத் தாராவியில் இருக்கும் நம் ஊர்ப் பெண்களின் வேலையைப் பற்றி எழுத நினைத்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக அங்கே இருப்பவர்கள். பேச்சு புரியும், வீடும் பக்கம். என் வழிகாட்டி, “உழைக்கும் பெண்கள் என்றால் ஆலைத் தொழிலாளர்களை எடு. வீட்டில் இருப்பவர்களிடம் என்ன புள்ளிவிவரம் கிடைக்கும்?” என்றார். நான் பிடிவாதமாக ஒரு கேள்வித்தாளைத் தயார் செய்துகொண்டு போனேன். முதல் கேள்வி: ‘நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?’

முதல் வீட்டு அக்கா ஒரு பெரிய அலுமினிய சட்டி முன்னால் உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து மாவு பிசைந்திருக்கிறார். ஏழு மணிக்குள் கடைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போவார். என் கேள்விக்கு அவர் சொன்ன பதில்: “வேலைக்கெல்லாம் போகலம்மா. வீட்டுல சும்மாதான் இருக்கேன்.”

எழுதிக்கொண்டேன். ‘வேலை: இல்லை.’

அடுத்த வீட்டில் ஒரு பாட்டியும் மருமகளும் சட்டைகளுக்குப் பட்டன் தைத்து, தொங்கும் நூலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். டஜனுக்கு இவ்வளவு என்று கூலி. அங்கேயும் சும்மாதான். அதற்கடுத்த வீட்டில் அப்பளம். சும்மா. பம்பாய் ஆலைகளில் இரண்டரை லட்சம் பேர் 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தம் அப்போதுதான் ஓய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சந்தில் சில வீடுகளில் ஆண்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலாகக் கூலி இல்லை. அடுப்பு எரிந்ததே இந்த முறுக்கிலும் பட்டனிலும்தான். ஆனால் என் தாளில் ஆணுக்கு நேரே ‘ஆலைத் தொழிலாளி’, பெண்ணுக்கு நேரே ‘வேலை இல்லை’.

முப்பது வீடு முடித்தபோது பாதிக்கு மேல் ‘வேலை இல்லை’. தாளைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. என் கண்ணால் பார்த்ததும் என் கையால் எழுதியதும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

அப்போது ஒரு தோழி சொல்லித்தான் ஜுஹூ போனேன். மாட்டுங்கா ரோட்டில் வண்டி ஏறி, சாந்தாக்ரூஸில் இறங்கி, பஸ் பிடித்து எஸ்.என்.டி.டி. வளாகம். மகளிரியல் மையத்தின் நூலகம் பெரியதொன்றும் இல்லை. அலமாரிகளில் புத்தகத்தைவிட சைக்ளோஸ்டைல் செய்து முனையில் ஊசி போட்ட கட்டுரைகளும் கோப்பு கோப்பாகப் பத்திரிகைத் துணுக்குகளும்தான் அதிகம். ஒரு வாரம் அங்கேயே கிடந்தேன். அந்தக் கட்டுரைகளில் ஒன்றில் நான் தேடியது இருந்தது: தவறு அந்த அக்காவின் பதிலில் இல்லை, என் கேள்வியில் இருக்கிறது. ‘வேலை’ என்ற சொல்லுக்கு அவர் மனதில் இருக்கும் அர்த்தம், வெளியே போய் மாதச் சம்பளம் வாங்குவது. ஆகவே வேலை என்று கேட்கக் கூடாது. “காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிறவரை என்னென்ன செய்தீர்கள்?” என்று கேட்க வேண்டும்.

அதே முப்பது வீட்டுக்கும் திரும்பப் போனேன். முறுக்கு அக்காவின் ஒரு நாளை எழுத எனக்கு ஒன்றரைப் பக்கம் தேவைப்பட்டது. குழாயில் தண்ணீர் பிடிக்க நின்ற நேரம் மட்டும் ஒன்றரை மணி. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “இம்புட்டும் நானா செய்தேன்?” என்றார்.

பொருளாதாரம் எனக்குக் கற்றுக் கொடுத்த கேள்வி அவரை அழித்துவிட்டது ஐயா. இந்தக் கேள்வி அவரைத் தாளுக்குக் கொண்டுவந்தது. தனி ஆராய்ச்சி எதற்கு என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். சமூகவியலையும் பொருளாதாரத்தையும் தள்ளிவைக்கச் சொல்லும் துறை இல்லை அது. அவற்றின் கேள்விகளைத் திருத்தும் துறை.

இந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர் ஓர் ஆண் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– இல்லத்தரசி, திருப்பூர்

உண்மை. தோண்டோ கேசவ் கார்வே. 1893-ல், கடும் எதிர்ப்புக்கு நடுவில், ஒரு விதவையை மணந்தவர். 1896-ல் பூனாவில் விதவைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். பிறகு அதை ஊருக்கு வெளியே ஹிங்கணே கிராமத்தில் ஒரு குடிசையில் நடத்தினார். (நம் பக்கத்தில் சகோதரி சுப்பலட்சுமி சென்னையில் குழந்தை விதவைகளுக்காகச் செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.) ஜப்பானில் இருந்த பெண்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றிய ஒரு சிறு புத்தகம் கார்வேயின் கைக்குக் கிடைத்தது. அதைப் படித்துவிட்டு, 1915-ல் பம்பாயில் நடந்த சமூகச் சீர்திருத்த மாநாட்டில் தலைமை உரையாகவே இந்த யோசனையைச் சொன்னார். 1916-ல் ஐந்தே மாணவிகளோடு பல்கலைக்கழகம் தொடங்கியது. தாய்மொழியில்தான் பாடம். 1920-ல் விட்டல்தாஸ் தாக்கர்சி என்ற ஆலை முதலாளி 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். அவருடைய தாயார் ஸ்ரீமதி நாதிபாய் தாமோதர் தாக்கர்சி பெயர்தான் எஸ்.என்.டி.டி. என்று சுருங்கியது. கார்வே நூறு வயதில், 1958-ல், பாரத ரத்னா வாங்கினார்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்வே காலத்து நோக்கம் பெண்ணுக்குப் படிப்புக் கொடுத்து நல்ல மனைவியாக, நல்ல தாயாக ஆக்குவது. அவரே அப்படித்தான் சொன்னார். அதே பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய அறுபது வருடம் கழித்து, ‘நல்ல மனைவி என்று யார் முடிவு செய்கிறார்கள்?’ என்று கேட்கிற ஓர் ஆராய்ச்சி மையம் வந்தது. அந்தக் குடிசை இல்லாமல் இந்த மையம் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். கார்வே மேல் எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

ஆராய்ச்சி, கருத்தரங்கு எல்லாம் சரி. இதனால் நாட்டில் ஏதாவது மாறியதா? ஒன்றாவது சொல்லுங்கள்.
– வங்கி ஊழியர், செம்பூர், மும்பை

ஒன்று சொல்கிறேன், அதை நான் நேரில் பார்த்தேன்.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. எங்கள் மாட்டுங்கா வீட்டுக்கு ஒரு பள்ளி ஆசிரியை படிவத்தோடு வந்தார். வேலை பற்றிய கேள்வி வந்ததும் நான் எட்டிப் பார்த்தேன். போன ஆண்டில் எப்போதாவது வேலை செய்தீர்களா என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே, அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: குடும்ப நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலி இல்லாமல் செய்த வேலையும் சேர்த்து. அந்த ஒரு வரியை அந்தப் படிவத்தில் ஏற்ற எத்தனை பேர் எத்தனை வருடம் பேசினார்கள் தெரியுமா! மகளிரியல் ஆய்வாளர்கள், பெண்கள் அமைப்புகள், ஐ.நா.வின் பெண்கள் நிதியம் எல்லாரும் சேர்ந்து கணக்கெடுப்பு அலுவலகத்தோடு வாதாடி வாங்கிய வரி அது. அந்த ஆசிரியைக்கு அதன் கதை தெரியாது. எனக்குத் தாராவி நினைவு வந்துவிட்டது. அவருக்குக் காப்பி கொடுத்து, அந்த வரியை எல்லா வீட்டிலும் விடாமல் படித்துக் காட்டுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு 1998-99-ல் அரசே ஆறு மாநிலங்களில் ‘நேரப் பயன்பாடு’ கணக்கெடுத்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. ஜுஹூவில் நான் படித்த அதே கேள்விதான்: காலையிலிருந்து இரவு வரை என்ன செய்தீர்கள்? 2019-ல் நாடு முழுவதும் எடுத்தார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். இன்றைக்கு ‘இல்லத்தரசிக்கு உரிமைத் தொகை’ என்று அரசியல் மேடையில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சுக்குக் கீழே இந்தக் கணக்கு இருக்கிறது.

ஓர் ஆசிரியரின் ஆர்வத்தில் தொடங்குகிற துறைகள் அவர் ஓய்வு பெற்றதும் படுத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இது மட்டும் எப்படி வளர்ந்தது?
– பேராசிரியர், பாளையங்கோட்டை

நீங்கள் சொல்வது எனக்கும் பழக்கமான துக்கம். இங்கே இரண்டு விஷயம் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

முதலாவது, தன் வீட்டுக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொள்ளாதது. 1981 ஏப்ரலில் மகளிரியலுக்கான முதல் தேசிய மாநாட்டை எஸ்.என்.டி.டி. நடத்தியது. பேராசிரியர்கள் மட்டும் வரவில்லை. தொழிற்சங்கத்தில் வேலை செய்தவர்கள், கிராமத்தில் இருந்தவர்கள், மதுரா என்ற பழங்குடிப் பெண்ணைக் காவல் நிலையத்தில் வன்புணர்ந்த வழக்கில் காவலர்களை விடுவித்த தீர்ப்பை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள் எல்லாரும் வந்தார்கள். அடுத்த ஆண்டு, 1982-ல், இந்திய மகளிரியல் சங்கம் பிறந்தது இந்த மாநாட்டிலிருந்துதான். எஸ்.என்.டி.டி.யின் துணைவேந்தராக இருந்த மாதுரி ஷா 1981-ல் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவரானார். 1986 தேசியக் கல்விக் கொள்கை பெண்களின் சமத்துவத்துக்குக் கல்வி என்று ஒரு பகுதியையே ஒதுக்கியது. அந்தக் கட்டத்தில் மானியக் குழு மற்றப் பல்கலைக்கழகங்களிலும் மகளிரியல் மையங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. ஜுஹூவில் ஒன்று இருந்ததால்தான், இப்படி ஒன்று நடத்த முடியும் என்று காட்ட முடிந்தது. தெற்கு குஜராத்தில் உத்வாடா என்ற கிராமத்துக்கும் நீரா தேசாய் வேலையைக் கொண்டுபோனார்.

இரண்டாவது, அடுத்த ஆள். நீரா தேசாயோடு சேர்ந்து வேலை செய்த பொருளாதார அறிஞர் மைத்ரேயி கிருஷ்ணராஜ் பிறகு மையத்தின் இயக்குநரானார். இருவரும் சேர்ந்து 1987-ல் இந்தியப் பெண்களையும் சமூகத்தையும் பற்றி ஒரு பாடநூலே எழுதினார்கள். பாடநூல் இருந்தால்தான் பாடம் நிற்கும், இல்லையா? பொறுப்பைக் கைமாற்றிக் கொடுக்கத் தெரிந்த தலைமை நம் கல்வி நிறுவனங்களில் அபூர்வம். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

2017-ல் ஐந்தாண்டுத் திட்டக் காலம் முடிந்தபோது மகளிரியல் மையங்களுக்கு நிதி தொடருமா என்ற கவலை நாடு முழுக்க எழுந்தது. ஒப்பந்தத்தில் இருக்கும் ஆசிரியர்கள் இன்றும் வருடா வருடம் அந்தக் கவலையோடுதான் வகுப்புக்குப் போகிறார்கள். இது நியாயமே இல்லை. வேதியியல் துறையிடம் போய், அடுத்த ஏப்ரலில் நீ இருப்பாயா என்று யாரும் கேட்பதில்லை.

நீரா தேசாயோடு பழகியிருக்கிறீர்களா? நம் எழுத்தாளர் அம்பைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?
– வாசகர், மதுரை

பழகியதில்லை. கூட்டங்களில் கடைசி வரிசையிலிருந்து கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். போய்ப் பேசக் கூச்சம். 2009-ல் அவர் இறந்த செய்தியைப் பேப்பரில் பார்த்தபோது, அந்தக் கூச்சத்துக்காக மிகவும் வருந்தினேன்.

அம்பை விஷயம் உண்மை. அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும். சி.எஸ். லட்சுமி என்ற பெயரில் அவர் ஆய்வாளர். நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ், சி.எஸ். லட்சுமி மூவரும் சேர்ந்து 1988-ல் பம்பாயில் ‘ஸ்பாரோ’ என்ற ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். பெண்களின் குரலும் படங்களும் அங்கே இருக்கும். எழுதி வைக்காத பெண்களின் வாழ்க்கையை அவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்வதுதான் வேலை. பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிற்கிறது என்றாலும், அது அந்த ஜுஹூ அலமாரிகளின் வாரிசு என்றே நான் நினைக்கிறேன். நீரா தேசாய் கடைசியாகப் பெண் செயற்பாட்டாளர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த புத்தகத்தை 2006-ல் ஸ்பாரோதான் வெளியிட்டது.

நான் மகளிரியலில் முனைவர் பட்டம் செய்ய ஆசைப்படுகிறேன் அம்மா. தலைப்புக் கிடைக்கவில்லை. வீட்டில் ஒரு பழைய டிரங்குப் பெட்டி நிறைய அப்பத்தாவின் நோட்டுகள் இருக்கின்றன, பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, வட்டிக் கணக்கு. எடைக்குப் போடச் சொல்கிறார்கள். தலைப்புக்கு எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்?
– ஆய்வு மாணவி, காரைக்குடி

போடாதே அம்மா! இந்தப் பதிலைப் படித்த உடனே அந்தப் பெட்டியைப் பூட்டிச் சாவியை நீ வைத்துக்கொள். புத்தகம் அப்புறம் பார்க்கலாம். முதலில் நோட்டுகளை வருட வாரியாக அடுக்கு. அட்டையில் பென்சிலால் மட்டும் எண் போடு, பேனா வேண்டாம். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாக எடுத்துவிடு. ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து இரண்டு இடத்தில் வை. பிறகு அப்பத்தா காலத்து ஆச்சிமார் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் போய், சீட்டில் யார் யார் சேர்ந்தார்கள், வட்டிக்கு வாங்கியது யார், எதற்கு வாங்கினார்கள், ஆண்களுக்குத் தெரிந்து நடந்ததா என்று கேள். ‘அப்பத்தா வேலை செய்தார்களா’ என்று மட்டும் கேட்காதே, என்ன பதில் வரும் என்று உனக்குத் தெரியும். முதல் ஐந்து நோட்டு முடிந்ததும் எனக்கு எழுது.